சரியான சுரத்தை வெட்டியவள்

சித்தூர் ஆபரேட்டருக்கு நான் முப்பத்தொரு பிழைக்குறிகள் போட்டேன். முப்பத்தொன்றும் ஒரே பிழைக்கு. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு சொன்னால் நான் இந்தக் கதையில் நல்லவன்போலத் தெரிய வாய்ப்பிருக்கிறது.

எங்கள் கம்பெனி ஐரோப்பாவின் இசைப் பதிப்பகங்களுக்கு வேலை செய்கிறது. இருநூறு வருடம் பழைய கையெழுத்துப் பிரதிகளை அங்கே படம் பிடித்து அனுப்புவார்கள். அந்த ஐந்து கோட்டு இசைக்குறிகளை ஒவ்வொரு புள்ளியாகக் கணினியில் ஏற்றி, அச்சுக்குத் தயாராக்கி நாங்கள் திருப்பி அனுப்புவோம். ஒரே பக்கத்தை இரண்டு பேர் ஏற்றுவார்கள். ஒருவர் திருப்பதி அலுவலகத்தில், இன்னொருவர் சித்தூர் அலுவலகத்தில். ஒருவரை ஒருவர் அறியக்கூடாது, பேசக்கூடாது. மென்பொருள் இரண்டையும் ஒப்பிட்டு, வேறுபடும் இடத்தில் சிவப்புக் கட்டம் போடும். அந்தக் கட்டங்களைப் பார்த்து யார் சரி, யார் தப்பு என்று தீர்ப்புச் சொல்வது மூன்றாவது நாற்காலி. பதினோரு வருடமாக அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பவன் நான்.

இருவரும் ஒரே மாதிரி ஏற்றியிருந்தால் அது சரி. இருவரும் ஒரே தப்பைச் செய்திருந்தாலும் அது சரிதான். மென்பொருளுக்கு அதற்கு மேல் தெரியாது. முதலாளி லக்ஷ்மிநரசிம்மனுக்கும் தெரியாது. அவர் அறிக்கையின் முதல் வரியை மட்டும் பார்ப்பார். "வேறுபாடுகள்: 0" என்றிருந்தால் கோப்பைத் திறக்கவே மாட்டார்.

சென்ற வருடம் தை மாதத்தில் ஜெரோம் ரூவிலே என்பவரின் பிரதிகள் வந்தன. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்துப் பாரிஸ்காரர். மன்னன் தலை போன பிறகு அங்கே பொது மைதானங்களில் மக்கள் விழாக்கள் நடக்கும். அவற்றுக்கு ஊதுகருவிகளும் முரசுகளுமாகப் பாடல்கள் அமைத்துத் தந்தவர். அந்தப் பாடல்களை நாங்கள் முதலில் ஏற்றி முடித்தோம். மூச்சு விட இடமில்லாத இசை. ஒரு மௌனக்குறிகூட இல்லாமல் நாற்பது பக்கம் போகும்.

பிறகு வந்தவை முப்பத்தொரு பியானோ துண்டுகள். அவற்றைப் பார்த்ததும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஓடிக்கொண்டிருக்கும் இடது கை சட்டென்று நின்றுவிடும். இரண்டு தாளக் கட்டம், மூன்று கட்டம் ஒன்றும் இருக்காது. வலது கை மட்டும் தனியாக ஒரு கேள்வியைப்போல நீளும். பிறகு அதுவும் நின்றுவிடும். நான் சிறு வயதில் வயலின் கற்றவன். பேச்சு குறைவு. வீட்டில் ஒரு நாளைக்கு நான் பேசும் வார்த்தைகளை ஒரு காகிதத் துண்டில் எழுதிவிடலாம் என்று என் மனைவி சொல்வாள். இந்த மௌனங்களை எழுதிய ஆண்மகனை எனக்குத் தெரியும் என்றே நினைத்தேன். வெளியில் கூட்டத்துக்காக முரசு அடித்துவிட்டு, வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு வாயை மூடும் மனிதன். அவனுக்கு ஒரு முகம்கூட நான் கற்பனை செய்து வைத்திருந்தேன். அது ஏறக்குறைய என் முகமாக இருந்தது.

பிரதிகளோடு பதிப்பகத்தின் முன்னுரை வரைவும் இரண்டு அலுவலகங்களுக்கும் வந்திருந்தது. அதில் ஒரு வரி: "ரூவிலேயின் மனைவி அதேல், பொறுமையும் சுத்தமான கையெழுத்தும் கொண்டவர், கணவரின் படைப்புகளை நகலெடுத்து உதவினார்."

முதல் துண்டு சித்தூரிலிருந்து வந்தபோது, இசையமைப்பாளர் பெயருக்கான இடத்தில் சிவப்புக் கட்டம் இருந்தது. திருப்பதி ஆபரேட்டர், பிரதியின் அட்டையில் உள்ளபடி, ஜெரோம் ரூவிலே என்று ஏற்றியிருந்தாள். சித்தூர் ஆபரேட்டர், அதேல் ரூவிலே. குறிப்புப் பத்தியில் ஆங்கிலத்தில் ஒரு வரி: "மனைவியின் கை. இது நகல் இல்லை." நான் குறிப்பை அழித்தேன். திருப்பதி சரி என்று அழுத்தினேன். சித்தூருக்கு ஒரு பிழைக்குறி.

இரண்டாவது துண்டிலும் அதே பெயர், அதே குறிப்பு. ஆங்கிலம் கொஞ்சம் மாறியிருந்தது, அவ்வளவுதான். ஒன்பதாவதில் "தயவுசெய்து 212-ஆம் பக்கத்தைப் பாருங்கள்" என்று இருந்தது. நான் பார்க்கவில்லை. எழுதப்பட்டதை ஏற்ற வேண்டும், நினைப்பதை ஏற்றக்கூடாது என்பது எங்கள் விதி. அந்த விதிக்குப் பின்னால் எவ்வளவு சோம்பல் ஒளிந்திருக்கும் என்று எனக்கு அப்போது தெரியாது. தெரியாது என்பதும் பொய். தெரியும்.

ஒரு வேலையில் முப்பதுக்கு மேல் பிழைக்குறி வாங்கினால் அடுத்த மாதம் ஒன்றாம் தேதி அந்த ஆபரேட்டரின் நாற்காலி போய்விடும். முப்பத்தொன்றாவதைப் போடும்போது எண்ணிக்கை திரையில் தெரிந்தது. போட்டேன். போட்ட பிறகுதான், ஜூன் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, யார் இந்தப் பிடிவாதக்காரர் என்று பார்க்கச் சித்தூருக்குப் பஸ் ஏறினேன்.

அது மாங்காய்க் கூழ் ஆலைகள் ஓடும் பருவம். சித்தூருக்குள் நுழையும் முன்பே சாலையோரம் டிராக்டர்கள் தோத்தாபுரி மாங்காய்களோடு வரிசையில் நின்றன. ஆலைகள் கொட்டிய தோலும் கொட்டையும் பள்ளங்களில் குவிந்து, வெயிலில் புளித்து நுரைத்திருந்தன. அந்த இனிப்பு நாற்றம் பஸ்ஸுக்குள் வந்து உதட்டில் ஒட்டியது. ஈக்கள் ஜன்னல் கம்பியில் உட்கார்ந்து கைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தன. அலுவலகப் படி ஏறும்போதும் அந்த நாற்றம் என் சட்டையிலேயே இருந்தது.

சித்தூர் அலுவலகம் வேலூர் சாலையில், ஒரு டயர் கடைக்கு மேல் மாடியில். மேலாளர் பாஸ்கர் என்னை ஒரு மூலைக்கு அழைத்துப்போய், "சுந்தரி, திருப்பதிலருந்து சார் வந்துக்கிறாரு" என்று சொல்லிவிட்டு நழுவிவிட்டார். முப்பத்தைந்து வயதிருக்கும் பெண். சோற்று டப்பாவை மூடிவிட்டு என்னைக் கால் முதல் தலை வரை பார்த்தாள்.

"நீங்கதான் அந்த மூணாவது சீட்டா?"

"ஆமா."

"நெனச்சேன். கண்ணாடி போட்டுக்கினு, வாயத் தொறக்காத ஆளாத்தான் இருக்கும்னு. முப்பத்தொண்ணு போட்டீங்களே சார், கை நோவுலயா?"

"ரூல் இருக்கும்மா. அட்டைல என்ன பேர் இருக்கோ அதத்தான் ஏத்தணும்."

"அட்ட!" என்று சிரித்தாள். "அட்டையில கீற எழுத்து ஒரு கை. உள்ள கீறது வேற கை. எவனோ பின்னால வந்து பேரெழுதி, வாலு மாதிரி ஒரு கையெழுத்தும் போட்டுக்கினு போயிக்கீறான். அதாவது தெரியுமா உங்களுக்கு?"

தெரியும். பார்த்திருக்கிறேன். நகலெடுத்தவள் மனைவி, கையெழுத்திட்டவர் கணவர் என்று முன்னுரையிலேயே விளக்கம் இருந்தது. அதைச் சொன்னேன்.

"செரி, உக்காருங்க." பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டாள். "எங்க நைனா போலீஸ் பேண்டுல கிளாரினெட். பேண்டு மாஸ்டர் ஒரு காயிதம் குடுப்பாரு. அத்தப் பதினாறு பேருக்குப் பிரிச்சு எழுதணும். நைனாவுக்குக் கண்ணு செரியில்ல, நான்தான் எழுதுவேன். பத்து வருசம் எழுதிக்கீறேன். காப்பி எடுக்கறவ எப்டி தப்பு பண்ணுவா தெரியுமா சார்? கண்ணு ஒரு வரி தாவிடும். ஒரே மாதிரி ரெண்டு கட்டம் வந்தா ஒண்ணு வுட்டுப்பூடும். அப்பால பார்த்துட்டு வெட்டுவோம். வெட்டுனது தப்பா இருக்கும், மேல எழுதுனது செரியா இருக்கும். அவ்ளோதான். வேற மாதிரி காப்பி எடுக்கறவளுக்கு தப்பே வராது."

திரையில் 212-ஆம் பக்கத்தைத் திறந்தாள். ஒன்பதாவது துண்டின் மெதுவான பகுதி. நடுவில் ஒரு கட்டம் மையால் குறுக்கே வெட்டப்பட்டிருந்தது. வெட்டின் கீழே சுரங்கள் தெளிவாகத் தெரிந்தன.

"வெட்டிக்கீறாளே, அதப் பாடிப் பாருங்க. தப்பா?"

வாய்க்குள் முனகிப் பார்த்தேன். தப்பில்லை. நன்றாகவே இருந்தது.

"செரியா கீற சுரத்த காப்பி எடுக்கறவ ஏன் சார் வெட்டணும்?"

வெட்டிய கட்டத்துக்கு மேல் இன்னொன்று எழுதியிருந்தது. அதுவும் சரியாக இருந்தது. அதுவும் வெட்டப்பட்டிருந்தது. பக்கத்தின் ஓரத்தில் மூன்றாவதாக ஒன்று. அதில் இடது கைக்கு ஒன்றுமே இல்லை. இரண்டு மௌனக்குறிகள் மட்டும். நான் ஐந்து மாதமாக நேசித்த அந்த மௌனம் பிறந்த இடம் இதுதான். இரண்டு நல்ல வழிகளை எழுதிப் பார்த்து, போதாது என்று இரண்டையும் தூக்கி எறிந்துவிட்டு, ஒருத்தி பேனாவை உயர்த்தி ஒன்றும் எழுதாமல் விட்ட இடம். அதே கை. அதே பொறுமை. அதே சுத்தமான கையெழுத்து.

219, 240, 266 என்று சுந்தரி ஒவ்வொன்றாகத் திறந்தாள். எல்லாம் அப்படியே. நான் கண்ணை மூடி ஒவ்வொரு வெட்டையும் மனதுக்குள் வாசித்துப் பார்த்தேன்.

"இன்னா சார், தூங்கிட்டீங்களா?"

"இல்ல."

"ஒண்ணாம் தேதி சீட்டு பூடும்னு பாஸ்கர் சார் சொல்லிட்டாரு. நான் சொன்னது தப்புனா செரி, போறேன். அழமாட்டேன். செரினா நா எதுக்குப் போகணும்? நீங்களே சொல்லுங்க." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "அந்த முப்பத்தொண்ணாவத மட்டுமாவது வுட்டிருக்கலாம் சார் நீங்க."

பஸ்ஸில் திரும்பும்போது ஜெரோம் ரூவிலேயின் முகத்தை நினைத்துப் பார்த்தேன். நான் கட்டிய முகம், என் முகம். மனைவி எழுதிய காகிதங்களைக் கட்டி, அட்டை போட்டு, வால் நீண்ட கையெழுத்தைப் போடுகிறது. கைக்குட்டையால் மூக்கைப் பொத்தினேன். மாந்தோல் நாற்றம் என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிக்கொண்டேன். அவர் கேட்கவே இல்லை.

அடுத்த நாள் 212-ஆம் பக்கத்தை அச்செடுத்துக்கொண்டு லக்ஷ்மிநரசிம்மன் அறைக்குப் போனேன். அவர் எனக்குத் தாய்வழியில் மாமா முறை. பேனா மூடியால் காதைக் குடைந்துகொண்டிருந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். என் வாழ்க்கையில் அவரிடம் நான் தொடர்ந்து பேசிய மிக நீண்ட பேச்சு அது. கேட்டுவிட்டு மூடியின் நுனியைப் பார்த்தார். பிறகு பொடி டப்பாவைத் திறந்து ஒரு சிட்டிகை இழுத்தார்.

"ஏண்டா பிரஹ்லாதா, பொம்மனாட்டி காப்பி எழுதிண்டிருந்திருப்பா. அடுப்புல பால் பொங்கியிருக்கும். ஓடிப்போய் இறக்கிட்டு வந்து எதையோ வெட்டியிருப்பா. இதுக்கு ஒரு ஆராய்ச்சியா?"

"ஒரே கட்டத்த மூணு தடவை எழுதியிருக்கா மாமா."

"மூணு தடவ பால் பொங்கியிருக்கும்." அவர் நகைச்சுவைக்கு அவரே சிரித்தார். சிரிப்பில் தும்மல் வந்தது. பழுப்பு விரல்களை என் கையிலிருந்த அச்சுப் பக்கத்தில் துடைத்தார். மேசையில் காகிதக் கைக்குட்டை இருந்தது. அதை விட்டுவிட்டு அந்தப் பக்கத்தில், அந்த இரண்டு மௌனக்குறிகளுக்கு மேல். "ரூவிலேன்னா ரூவிலே. கிளையண்ட் கேக்காததை நாம சொல்லப்படாது. அந்தச் சித்தூர்ப் பொண்ணை ஒண்ணாம் தேதிலேர்ந்து வரவேண்டாம்னுட்டேன். ஓடற வண்டில கல்லைப் போடறா."

நான் ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்தை மடித்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். மௌனத்தை நான் ஒரு குணம் என்று நினைத்துவந்தேன். அன்றைக்கு அது ஒரு அழுக்கு வேட்டியைப்போல என் உடம்பில் கிடந்தது.

எங்கள் குடும்பத்து ஆண்கள் தலைமுறையாகக் கோயில் கோஷ்டியில் நின்று பாசுரம் சேவிப்பவர்கள். நானும் வாரத்தில் மூன்று காலை போகிறேன். போகும் முன் வீட்டில் ஒருமுறை சொல்லிப் பார்ப்பது வழக்கம். மறுநாள் காலையும் சொன்னேன். ஏழாம் பாட்டில் மூன்றாவது அடி வரவில்லை. வழக்கம்போல அடுக்களையிலிருந்து, அவரைக்காய் நறுக்கிக்கொண்டே, என் மனைவி ஸ்ரீப்ரியா அந்த அடியை எடுத்துக் கொடுத்தாள். இருபது வருடமாக எடுத்துக் கொடுக்கிறாள். அவளுக்கு எல்லாம் மனப்பாடம். நான் போய் நின்று அவள் கொடுத்த அடியைச் சொல்லி, தீர்த்தம் வாங்கி, தலையில் சடாரி வாங்கிக்கொண்டு வருவேன்.

அன்று சடாரியின் குளிர்ச்சி தலையில் பட்டபோது விலகிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. வீட்டுக்கு வந்து அவளிடம் கேட்டேன்.

"எல்லாத்தையும் நீதான் ஞாபகம் வெச்சிண்டிருக்கே. நான்தான் போய் நிக்கறேன். இல்லையா?"

அவள் கத்தியை நிறுத்தவில்லை. "இப்பத்தான் தெரிஞ்சுதாக்கும்? காபி ஆறிடுத்து, சூடு பண்ணித் தரட்டுமா?"

ஜூன் கடைசி வாரத்தில் பதிப்பகத்திலிருந்து, இசையமைப்பாளர் பெயரும் குறிப்பும் இடம்பெறும் புதிய முகப்புப் படிவம் வந்தது. முப்பத்தொரு துண்டுகளின் முகப்புகளையும் இரண்டு ஆபரேட்டர்களும் மறுபடி ஏற்ற வேண்டும். சித்தூரில் சுந்தரிக்கு அது கடைசி வேலை. திருப்பதியில் யாமினி.

யாமினி என் நாற்காலியிலிருந்து பத்தடி தூரத்தில் உட்காருபவள். மூன்று வருடம் ஆகிறது. வேலையைப் பற்றி அவளிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. தீர்ப்புச் சொல்பவன் பேசக்கூடாது என்பது விதி. அவள் சாப்பிட எழுந்த நேரத்தில், பொடிக்கறை படிந்த அந்தப் பக்கத்தை அவள் விசைப்பலகை மேல் வைத்தேன். ஓரத்தில் சுந்தரியின் கைப்பேசி எண்ணை எழுதியிருந்தேன். குறிப்புப் பத்தியில் இருவரும் ஒரே வாசகத்தை எழுதினால் அதுவும் என் தீர்ப்புக்கு நிற்காமல் பதிப்பகத்துக்குப் போகும் என்பது எங்கள் மூவருக்கும் தெரிந்ததுதான்.

திரும்பி வந்தவள் காகிதத்தைத் தூக்கிப் பிடித்தாள்.

"சார், இது நீங்க வெச்சதா?"

"ம்."

"நீங்க எனக்கு எதுவும் காட்டக்கூடாது. ரூல்ஸ்."

"ஆமா."

"அப்பறம் ஏன் வெச்சீங்க? இது யார் நம்பர்?"

நான் என் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மீரு எப்புடூ இந்தே சார்" என்று அலுத்துக்கொண்டாள். எப்போதும் நீங்கள் இப்படித்தான் என்று அர்த்தம். "சரி, இதுல பிரவுன் கலர்ல என்ன இது? சீ... மூக்குப்பொடியா?" காகிதத்தை இரண்டு விரல்களால் பிடித்துக்கொண்டு, முகத்தைச் சுளித்தபடியே, வெட்டப்பட்ட கட்டத்தைக் குனிந்து பார்த்தாள். பிறகு நிமிரவில்லை. அரைமணி கழித்துக் கைப்பேசியை எடுத்துக்கொண்டு மாடிப்படிப் பக்கம் போனாள். அங்கிருந்து அவள் குரல் கேட்டது: "அக்கா, நான் திருப்பதிலருந்து பேசறேன். உங்களோட இன்னொரு கை."

ஜூன் முப்பதாம் தேதி பிற்பகல் ஒப்பீட்டு அறிக்கை என் திரைக்கு வந்தது.

வேறுபாடுகள்: 0.

முப்பத்தொரு முகப்பிலும் அதேல் ரூவிலே. முப்பத்தொரு குறிப்புப் பத்தியிலும், இருவரும் எழுத்துக்கு எழுத்து ஒரே மாதிரி எழுதியிருந்தார்கள்: "உள்ளே உள்ள கை, சரியான சுரங்களை வெட்டி மாற்றுகிறது. நகலெடுப்பவர் அப்படிச் செய்யமாட்டார். பக்கங்கள் 212, 219, 240, 266 பார்க்கவும்." நான் செய்ய வேண்டியது அனுப்பு என்பதை அழுத்துவது. தீர்ப்பு எதுவும் சொல்ல வேண்டியதில்லை. சிவப்புக் கட்டமே இல்லையே. லக்ஷ்மிநரசிம்மன் வந்து என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார். முதல் வரியைப் பார்த்தார். "பேஷ், ஜீரோ" என்று என் முதுகில் தட்டிவிட்டுப் போனார். பொடி வாசனை.

அனுப்பினேன். இதில் என் பங்கு அவ்வளவுதான். ஒரு காகிதத்தை ஒரு மேசையில் வைத்தேன், பிறகு வாயை மூடிக்கொண்டிருந்தேன். இரண்டாவது எனக்குப் பழக்கமானது.

ஜூலை ஒன்றாம் தேதி சுந்தரியின் நாற்காலி போனது. பருவம் முடியும்வரை ஒரு கூழ் ஆலையில் கொட்டை பிரிக்கும் வேலைக்குப் போவதாக யாமினி சொன்னாள். அவர்கள் இருவரும் அதற்குள் தினமும் பேசிக்கொள்பவர்களாகியிருந்தார்கள். "கை பூரா மாங்காப் பால் பட்டு வெந்துபோச்சாம் சார். நகமெல்லாம் கருப்பாம்" என்றாள். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. ஜன்னலைப் பார்த்துச் சொன்னாள்.

மூன்று வாரம் கழித்துப் பதிப்பகத்தின் கடிதம் வந்தது. அந்தப் பக்கங்களை இரண்டு நிபுணர்களிடம் காட்டினார்களாம். காகிதத்தையும் மையையும் பார்த்தார்களாம். தொகுதியை அதேல் ரூவிலேயின் பெயரிலேயே வெளியிடப்போகிறார்கள். இவ்வளவு கூர்மையாகக் கவனித்த குழுவுக்கு நன்றி.

லக்ஷ்மிநரசிம்மன் முதலில் வெளுத்தார். பிறகு சிவந்தார். கடிதத்தை மறுபடி படித்துவிட்டு மூன்றாவதாக ஒரு நிறத்துக்கு வந்தார். அந்த நிறம்தான் தாங்க முடியாதது. ஒரே வாரத்தில் வரவேற்பறையில் ஒரு ஃபிளெக்ஸ் பேனர் முளைத்தது. "எங்கள் மென்பொருள் கண்டுபிடித்த பெண் மேதை" என்று தெலுங்கிலும் ஆங்கிலத்திலும். அதேலின் படம் எங்கும் கிடையாது. அதனால் இணையத்திலிருந்து எவளோ ஒரு வெள்ளைக்காரியின் ஓவியத்தை எடுத்துப் போட்டிருந்தார்கள். கழுத்தில் முத்துமாலை, கையில் ஒரு விசிறி. பக்கத்தில் வட்டத்துக்குள் லக்ஷ்மிநரசிம்மன், கோட்டு போட்டுக்கொண்டு. பேனரின் பிளாஸ்டிக் வாசனை அறை முழுக்க இருந்தது. வருகிறவர்கள் அதற்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். என்னையும் ஒருமுறை இழுத்து நிறுத்தினார். நானும் நின்றேன். அந்தப் படம் இன்னும் அங்கே இருக்கிறது.

திருத்திய முன்னுரையும் வந்தது. அதில் "கணவரின் வழிகாட்டுதலில் மலர்ந்த திறமை" என்றிருந்தது. அந்த வரியைப் படித்துவிட்டுக் கழிப்பறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். பிறகு மாமாவின் அறைக்குப் போனேன்.

"சுந்தரியத் திரும்பக் கூப்பிடணும்."

"எந்தச் சுந்தரி?"

"சித்தூர். மென்பொருள் கண்டுபிடிக்கல மாமா. அவதான்."

"அட, ஆமாம். நல்ல பொண்ணு. ஆனா முப்பத்தொண்ணு இருக்கேடா அவ பேர்ல. முப்பதுக்கு மேல போனா சிஸ்டமே சீட்டை மூடிடறது. நான் என்ன பண்ண?"

"அது பிழை இல்லேன்னு ஆயிடுத்தே. நீக்கலாமே."

"நீக்கினா யார் தலைல போடறது? பிழைன்னு ஒண்ணு பதிவானா யாரோ பண்ணியிருக்கணும். அத நீதான் பாத்துக்கணும், நீதானே மூணாவது சீட்டு." அவர் மறுபடி பேனா மூடியை எடுத்தார். "அவ சீட்டு தொறந்தா வரட்டும், நான் வேண்டாங்கல."

என் நாற்காலிக்கு வந்து பழைய பதிவைத் திறந்தேன். ஒரு பிழைக்குறியை நீக்க வேண்டுமானால் ஒரு சின்ன சன்னல் வரும். பிழை யாருடையது என்று கேட்கும். மூன்று பெயர்கள்: திருப்பதி ஆபரேட்டர், சித்தூர் ஆபரேட்டர், தீர்ப்பாளர். ஒன்றைத் தேர்ந்தெடுக்காமல் மூட முடியாது.

முப்பத்தொன்றாவதைத் திறந்து, தீர்ப்பாளர் என்று அழுத்தினேன். சுந்தரியின் எண்ணிக்கை முப்பது ஆனது. அவளுடைய நாற்காலி திறந்துகொண்டது என்று பச்சை எழுத்தில் வந்தது.

கை நின்றது. ஒன்று போதும். அவளுக்கு வேலை திரும்பக் கிடைத்துவிட்டது. எனக்கு ஒரே ஒரு பிழை. தீர்ப்பாளருக்கு எல்லை பத்து; தாண்டினால் அன்றே நாற்காலி போகும். நான் இங்கேயே, இப்படியே இருக்கலாம். இந்தக் கணக்கு என் தலையில் எவ்வளவு வேகமாக ஓடியது என்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாந்தோல் பள்ளத்தில் ஈ கை தேய்ப்பதைப் பார்ப்பதுபோல. முப்பது இடங்களில் அதேல் இன்னும் தப்பு என்றுதான் பதிவில் இருந்தாள். அந்த முப்பதையும் போட்டவன் நான். மாமா அல்ல, அந்த ஜெரோம் அல்ல. அவர்கள் இருவரையும் வெறுத்துக்கொண்டே என்னால் அந்த நாற்காலியில் சௌகரியமாக உட்கார்ந்திருக்க முடியும் என்று தெரிந்தது. அதுதான் எல்லாவற்றிலும் கேவலமாக இருந்தது.

அடுத்ததைத் திறந்தேன். தீர்ப்பாளர். அடுத்தது. தீர்ப்பாளர். பத்தாவதில் எச்சரிக்கை வந்தது. மூடினேன். பதினொன்றாவதில் திரை சிவப்பாகி, தொடர வேண்டுமா என்று கேட்டது. தொடர்ந்தேன். வேலை நடுவில் யாமினி எழுந்து வந்து என் பின்னால் நின்றாள். அவ்வப்போது நான் தாண்டிப்போன வரியை மட்டும் விரலால் தொட்டுக் காட்டினாள்.

கடைசியாக முதல் துண்டின் குறி. தை மாதத்தில் போட்டது. அதை நீக்கியதும் திரை தானாக வெளியேறிவிட்டது. என் பெயரையும் கடவுச்சொல்லையும் மறுபடி அடித்தேன். இந்த நாற்காலிக்கு அனுமதி இல்லை என்றது.

யாமினி தன் கைப்பேசியை என் முன்னால் நீட்டினாள். மறுமுனையில் ஆலையின் இயந்திர இரைச்சல். அதற்கு மேல் சுந்தரியின் குரல்.

"முப்பத்தொண்ணையுமா சார் எடுத்தீங்க? யாமினி சொல்லிக்கினு கீறா. ஒண்ணு எடுத்தா போதுமே, இன்னாத்துக்கு அவ்ளோ?"

வலது கையை விசைப்பலகையிலிருந்து எடுத்தேன். இரைச்சல் மட்டும் கேட்டது.

"இப்பவாவது கை நோவுதா?"

"நோவுது" என்றேன்.